ஊர்ப் பெயரைத் தப்பாக அடிக்கும் விசைப்பலகை

தமிழ் 99 விசைப்பலகை அமைப்புக்கு மாறிப் பார்த்துவிட்டுப் பழையபடி பாமினி எழுத்துருவின் விசை அமைப்புக்கே திரும்பியவர்களைத் தருமபுரியில் கேட்டால் கையோடு ஒரு காரணம் வைத்திருப்பார்கள். "ஊரு பேரே ஒழுங்கா வரலீங்க, அதை வெச்சிக்கிட்டு என்ன பண்றது?" சொல்வதோடு நிற்காமல் அடித்தும் காட்டுவார்கள். த, ர, உ, ம, ப, உ, ர, இ. திரையில் வந்து நிற்பது 'தரும்புரி'. திங்கட்கிழமை குறைதீர் நாளுக்கு மனு அடித்துத் தருபவருக்கு அனுப்புநர் முகவரியில் ஒரு தருமபுரி, பெறுநரில் ஒரு தருமபுரி, பொருளில் ஒன்று, கையெழுத்துக்கு மேலே 'இடம்' என்ற இடத்தில் இன்னொன்று. நாள் முழுக்க அதிகம் அடிக்கும் சொல்லே கோணலாக வந்தால் கோபம் வரத்தான் செய்யும்.

புகார் உண்மை. அதைக் கேட்டுவிட்டு "நீங்கள் சரியாகக் கற்கவில்லை" என்று கையை விரிப்பது நியாயமில்லை. ஆனால் அதை வைத்து எழுதப்படும் தீர்ப்பு அவசரமானது. தரும்புரியை வரவழைக்கிற அதே விதிதான் நல்லம்பள்ளியை ஒரு புள்ளிகூட அடிக்காமல் வரவழைக்கிறது. ந, ல, ல, ம, ப, ள, ள, இ: எட்டுத் தட்டு, சொல் முடிந்தது. ல்ல, ம்ப, ள்ள மூன்றிலும் புள்ளி தானாக விழுந்துவிட்டது. பாப்பிரெட்டிப்பட்டி என்று எழுதப் பதினைந்து தட்டு. அதில் புள்ளி விசைக்கு வேலையே இல்லை. ஊத்தங்கரையும் அப்படியே. தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களின் ஊர்ப் பெயர்களுக்கென்றே யாரோ உட்கார்ந்து செய்த விசைப்பலகை போல இருக்கும், தருமபுரி ஒன்றைத் தவிர.

விரலுக்குக் கீழே என்ன இருக்கிறது

1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழ்இணையம் 99 மாநாட்டை ஒட்டித் தமிழ்நாடு அரசு தரப்படுத்திய அமைப்பு இது. பன்னிரண்டு உயிர், பதினெட்டு மெய், ஓர் ஆய்தம், மொத்தம் 31. ஆங்கில எழுத்து விசைகள் 26-ஐயும் வலது ஓரத்துக் குறி விசைகளில் ஐந்தையும் எடுத்துக்கொண்டு இந்த 31-ஐயும் ஷிஃப்ட் இல்லாமலே உட்கார வைத்திருக்கிறார்கள். ஷிஃப்ட் தேவைப்படுவது ஸ, ஷ, ஜ, ஹ, க்ஷ, ஸ்ரீ ஆகியவற்றுக்கு மட்டும்; அவை மேல் வரிசையில் இடது ஓரத்திலிருந்து அடுத்தடுத்து இருக்கின்றன. கிருஷ்ணகிரிக்கு ஒரே ஒரு ஷிஃப்ட், அந்த ஷ-வுக்கு. ஓசூருக்கு அதுவும் வேண்டாம்.

உயிரெல்லாம் இடது கை, மெய்யெல்லாம் பெரும்பாலும் வலது கை. பெரும்பாலும் என்று சொல்லக் காரணம், வ-வும் ங-வும் இடது ஆள்காட்டி விரலின் கீழ் வரிசைக்கு வந்துவிட்டன. இடது கை நடு வரிசையில் சுண்டு விரலுக்கு அ, அதற்கு நேர் மேலே ஆ. மோதிர விரலுக்கு இ, மேலே ஈ. நடு விரலுக்கு உ, மேலே ஊ. ஆள்காட்டி விரல் ஓரெட்டு உள்ளே நகர்ந்தால் எ, அதன் மேலே ஏ. ஒ-வும் ஓ-வும் கீழ் வரிசையில் பக்கத்துப் பக்கத்தில். குறிலுக்கு மேலே நெடில் என்ற இந்த ஒழுங்கு புரிந்துவிட்டால் இடது கையைப் பெரிதாக மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை. ஐ மேல் வரிசையிலும் ஔ கீழ் மூலையிலும் தனியாக நிற்கின்றன. ஔ-வைப் பழகும் முன்பே பலர் பாதி வேலையை முடித்திருப்பார்கள்.

வலது கை நடு வரிசையில் ஆள்காட்டி விரலுக்கு க, ப. பிறகு ம, த, ந, ய. மேலே ள, ற, ன, ட, ண, ச, ஞ. கீழே ல, ர, ஓரத்தில் ழ. எஃப், ஜே விசைகளில் விரலுக்குத் தட்டுப்படும் சிறு மேடு இருக்குமே, அதில் இடது மேடு புள்ளி, வலது மேடு ப. அடிக்கடி தேவைப்படும் புள்ளியை இடது ஆள்காட்டி விரல் நகராமல் அடிக்கும்படி வைத்ததுதான் இந்த அமைப்பின் நல்ல புத்தி. புள்ளியும் ஆய்தமும் ஒரே விசை: மெய்க்குப் பின் அடித்தால் புள்ளி, மற்ற இடத்தில் ஆய்தம்.

குறையும் உண்டு, மறைப்பானேன். வலது சுண்டு விரல் பாடு பெரும் பாடு. ந, ய, ண, ச, ஞ, ழ ஆறும் அதன் தலையில். ச-வும் ய-வும் வராத வாக்கியம் தமிழில் எங்கே இருக்கிறது? ஓரத்து விசைகளைச் சின்னதாக்கிச் செய்த மலிவான லேப்டாப்புகளில் இந்த விரல் சீக்கிரம் சோர்ந்துவிடும். தனியாக ஒரு முழு அளவு கீபோர்டு வாங்கிச் செருகிக்கொண்டு பழகுவதே மேல்.

புள்ளியும் அ-வும்

மாறுகிறவர்களில் பாதிப் பேர் தடுக்கி விழுவது இங்கேதான், ஆகவே கொஞ்சம் நின்று பார்ப்போம். ஒரே மெய்யை இருமுறை அடித்தால் முதல் எழுத்துக்குப் புள்ளி விழும்: க, க என்றால் க்க. மெல்லினத்தை அடுத்து அதன் இன வல்லினம் வந்தாலும் விழும்: ங்க, ஞ்ச, ண்ட, ந்த, ம்ப, ன்ற. தானாக வருபவை இவ்வளவுதான். ஆட்சியர் என்பதில் ட-வை அடுத்து ச வருவதால் இடையில் புள்ளியை நாம்தான் இட வேண்டும். சொல்லின் கடைசி மெய்க்கும் அப்படியே. விண்ணப்பம் என்பதற்கு வ, இ, ண, ண, ப, ப, ம, புள்ளி. உள்ளே இருக்கும் இரண்டு புள்ளியும் இலவசம், கடைசிப் புள்ளிக்கு மட்டும் விரல்.

இனி தருமபுரி. ம-வை அடுத்து ப வந்தவுடன் கம்பம், தம்பி, கம்பைநல்லூர் எல்லாவற்றிலும் போலவே விசைப்பலகை ம்ப என்று எடுத்துக்கொள்கிறது. இங்கே அந்த ம-வில் ஓர் அகரம் ஒளிந்திருக்கிறது என்று அதற்கு நாம் சொல்ல வேண்டும். சொல்லும் வழி, ம-வுக்குப் பிறகு அ விசையை ஒருமுறை தட்டுவது. த, ர, உ, ம, அ, ப, உ, ர, இ. அ தனியாகத் திரையில் தெரியாது, ம-வோடு கரைந்துவிடும். ஒன்பது தட்டு, ஊர் சரியாக வந்துவிட்டது. சுண்டு விரல் ஏற்கெனவே அந்த விசையின் மேல்தான் ஓய்வெடுத்துக்கொண்டிருக்கிறது.

அச்சடிக்கிறவர்களும் பத்திரம் எழுதுகிறவர்களும் இதை ஊர்ப் பெயரோடு விட்டுவிடக் கூடாது. கோயிலில் நடக்கும் சமபந்தி விருந்துக்கு நோட்டீஸ் அடிக்கும்போது ம-வுக்குப் பின் அ-வை விட்டால் அது சம்பந்தி விருந்து ஆகிவிடும். படிப்பவர் யார் வீட்டுக் கல்யாணம் என்று கேட்பார். பாகப்பிரிவினையில் 'சமபங்கு' சம்பங்கு ஆகும், 'சமபாகம்' சம்பாகம் ஆகும். எழுத்துப் பிழை திருத்தியும் சம்பந்தியைப் பிடிக்காது, அதுவும் நல்ல சொல்தானே. சொல்லின் தொடக்கத்தில் ந-வும் த-வும் அடுத்தடுத்து வரும் நதி, நத்தை இரண்டுக்கும் இதே மருந்து: ந, அ, த. நந்தினி, லலிதா, சசிகலா, தத்தெடுப்பு, பப்பாளி எல்லாம் முதலெழுத்துக்குப் பின் அ கேட்பவை.

எல்லாவற்றையும்விட அதிகம் கண்ணில் படும் பிழை ஈஸ்வரரில். தீர்த்தமலை தீர்த்தகிரீஸ்வரர் பெயரை அவசரத்தில் அடித்தால் கடைசியில் இரண்டு ர மோதி 'வர்ர்' என்று முடியும். இணையத்தில் இப்படி ஈஸ்வர்ர் என்று பார்த்தால் அடித்தவர் தமிழ் 99-காரர் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லலாம். ர, அ, ர, புள்ளி என்று அடிக்க வேண்டும். கட்டடம், மன்னன் போல ஒரே மெய் மூன்று முறை வரும் இடங்களிலும், வந்தது போல ந்த-வை அடுத்து இன்னொரு த வரும் இடங்களிலும் உங்கள் கணினியில் என்ன வருகிறது என்று ஒருமுறை அடித்துப் பார்த்துக்கொள்ளுங்கள். சந்தேகம் இருந்தால் நடுவில் அ-வைத் தட்டிவிடுங்கள். தேவையில்லாத இடத்தில் மெய்க்குப் பின் அ தட்டினால் நட்டம் ஒரு தட்டு மட்டுமே, எழுத்து கெடாது.

இந்த அ பழகும் வரைக்கும் விசைப்பலகை நம்மோடு மல்லுக்கு நிற்பது போலவே இருக்கும். பழகிய பிறகு கை சொல்லின் ஓசையைக் கேட்டு அடிக்கத் தொடங்குகிறது. தருமபுரி என்று வாய்விட்டுச் சொன்னால் ம-வில் அகரம் கேட்கிறது, கம்பைநல்லூர் என்றால் கேட்கவில்லை. கேட்கிற அகரம் விதியோடு மோதும் இடத்தில் மட்டும் அதை அடிக்க வேண்டும். பயிற்சியின் திருப்புமுனை வேகம் கூடும் நாளில் வருவதாகப் பலர் நினைக்கிறார்கள். உண்மையில், நினைவின்றி நதிக்கு அ தட்டியதைத் திரையில் பார்த்துத் தெரிந்துகொள்ளும் நாளில்தான் அது வருகிறது.

மறக்க வேண்டியவை

தமிழ் 99-க்கு வருபவர்களை, தட்டச்சுத் தேர்வில் லோயர், ஹையர் முடித்தவர்கள், பாமினியிலேயே பல வருடம் அடித்தவர்கள், தங்கிலீஷில் அடித்துத் தமிழாக்கிக்கொள்பவர்கள் என மூன்று கூட்டமாகப் பிரிக்கலாம். மூவரும் மறக்க வேண்டியது வெவ்வேறு.

தட்டச்சுப் பயிலகத்தில் கற்றவர்களின் கை, எழுத்தை அதன் வடிவத்தால் அறியும். கொ என்றால் கொம்பு, க, கால். கண்ணால் இடமிருந்து வலமாகப் பார்ப்பதை அப்படியே அடிப்பார்கள். தமிழ் 99-இல் கொ என்பது க, ஒ. தட்டு இரண்டே. கொம்பு முந்தும் பழக்கம் போகாதவர் எ, க, ஆ என்று அடித்துவிட்டு 'எகா' வந்ததைப் பார்த்து விழிப்பார். திரையில் எகா, ஏகா என்று வந்துகொண்டே இருந்தால் நோய் இதுதான். இதற்கு மருந்து கே, கொ, கோ, கை என்று எழுத்துகளைத் தனித்தனியாக அடிப்பதில் இல்லை. பாலக்கோடு, தேன்கனிக்கோட்டை, மொரப்பூர், பென்னாகரம், ஒகேனக்கல் என்று கொம்பு உள்ளே இருக்கும் முழுச் சொற்களை வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே அடிக்க வேண்டும். வாய் 'க்' என்று தொடங்கி 'ஓ' என்று முடிக்கும் வரிசையும் விரலின் வரிசையும் ஒன்றே என்பது அப்போது பிடிபடும்.

பாமினிக்காரர்களுக்கு இதோடு இடமும் மாறுகிறது. பதினெட்டு மெய்யில் இடம் மாறாமல் இருப்பது ம ஒன்றுதான். இடது ஆள்காட்டி விரலில் இருந்த க வலது ஆள்காட்டி விரலுக்குப் போய்விட்டது. அது இருந்த இடத்தில் இப்போது புள்ளி. பாமினிக் கை 'கொண்ட' என்று அடித்தால் தமிழ் 99-இல் 'ல்கௌந்த' என்று வரும். பார்க்கச் சிரிப்பாக இருந்தாலும் இது நல்ல அறிகுறி: இவ்வளவு முழுசாகக் கோணினால் தவறு உடனே கண்ணில் படும். பழையதும் புதியதும் பாதிக்குப் பாதி ஒத்துப்போகும் அமைப்புகளில்தான் பழைய பழக்கம் பல மாதம் ஒளிந்திருந்து கெடுக்கும். கூடுதலாக ஒரு வசதி, கு, து, மு, டு ஆகியவற்றுக்கு ஷிஃப்ட் அழுத்திய காலம் போய் எல்லாம் மெய்யோடு உ என்றாகிவிடுகிறது.

தங்கிலீஷ்காரர்களுக்கு விரல் பழகுவது எளிது, மனம் பழகுவதுதான் கடினம். ந, ன, ண மூன்றையும் ஒரே ஆங்கில எழுத்தில் அடித்துவிட்டுப் பட்டியலில் இருந்து பொறுக்கியே பழகியவர்களுக்கு, இங்கே மூன்றும் மூன்று விசை. எது எந்த ன என்று தெரியாமல் அடிக்க முடியாது. பிழையில்லாமல் எழுதத் தெரிந்தவருக்கு இது விடுதலை. தெரியாதவருக்கு முதல் மாதம் அகராதியும் கையுமாகத்தான் போகும்.

எப்போது, எப்படி

அடித்துச் சம்பாதிப்பவர் மாறுவதற்கு மாதம் பார்க்க வேண்டும். அழைப்பிதழ் வேலை செய்பவர் தையிலும் வைகாசியிலும் இதைத் தொட்டால் வாடிக்கையாளரையும் இழப்பார், பொறுமையையும் இழப்பார். முகூர்த்தம் இல்லாத ஆடியோ மார்கழியோ தோது. அதற்கு முந்தைய மாதம் கடை திறக்கும் முன் தினம் அரை மணி நேரம் பயிற்சி, வேலையெல்லாம் வழக்கம்போலப் பழையதில். ஆடி பிறந்ததும் வேலை முழுவதையும் புதியதில். பயிற்சி மாதத்தில் இரண்டும் இருக்கலாம். வேலைக்கு எடுத்த பிறகு அவசர மனு வந்தது என்று பழையதற்குத் தாவினால் கை இரண்டுக்கும் நடுவில் மாட்டிக்கொள்ளும். தட்டச்சுத் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருப்பவர் தேர்வு முடியும் வரை இந்தப் பக்கமே வர வேண்டாம்.

பயிற்சியில் முதலில் இடது கை உயிர்கள். பிறகு க, ப, ம, த, ட. இதுவரை வந்ததை வைத்தே அப்பா, அம்மா, பட்டா, மத்தி, கட்டு, தப்பு எல்லாம் அடித்துவிடலாம். அடுத்து ள-வைச் சேர்த்தால் தக்காளி, பாலக்கோட்டுக்காரருக்கு அதுவே பாதிப் பிழைப்பு. பிறகு ந, ன, ண. கடைசியாக ர, ற, ல, ழ. விசைகளின் மேல் தமிழ் எழுத்து ஸ்டிக்கர் ஒட்டாதீர்கள். ஒட்டினால் கண் கையைவிட்டு நகராது. அமைப்பைத் தாளில் அச்சடித்துத் திரைக்குக் கீழே ஒட்டினால் போதும், தலை நிமிர்ந்தே இருக்கும்.

நிறுவும்போது ஒரு பொறி இருக்கிறது. விண்டோஸில் மொழிப் பட்டியலில் தமிழைச் சேர்த்தவுடன் கிடைப்பது இன்ஸ்கிரிப்ட் என்ற வேறோர் அமைப்பாக இருக்கக்கூடும். அதில் தமிழ் 99 பாடத்தை அடித்துப் பார்த்துவிட்டு 'ஒன்றுமே பொருந்தவில்லை' என்று விட்டவர்கள் உண்டு. தமிழ் மொழியின் விருப்பங்களுக்குள் போய், 'விசைப்பலகையைச் சேர்' என்பதில் தமிழ் 99-ஐத் தேர்ந்து, மற்றதை நீக்கிவிட வேண்டும். ஆங்கிலத்துக்கும் தமிழுக்கும் தாவ விண்டோஸ் விசையோடு ஸ்பேஸ். என்.எச்.எம். ரைட்டர், இ-கலப்பை, முரசு அஞ்சல் ஆகிய தமிழ் அடிக்கும் மென்பொருள்களிலும் தமிழ் 99 இருக்கிறது. எதை நிறுவினாலும் முதல் சோதனை ஒன்றே: க, க என்று தட்டுங்கள். க்க வந்தால் சரி. கக என்று நின்றால் தானியங்கிப் புள்ளி இல்லாத ஏற்பாடு. வேறு மென்பொருளுக்குப் போய்விடுங்கள், அது இல்லாமல் தமிழ் 99-இன் சுகம் பாதிகூட மிஞ்சாது.

அரைப்புள்ளி, மேற்கோள், சாய்கோடு விசைகளைத் தமிழ் எடுத்துக்கொண்டதால் அந்தக் குறிகள் வேறிடம் போயிருக்கும். கமாவும் முற்றுப்புள்ளியும் இருந்த இடத்திலேயே இருக்கின்றன. சர்வே எண்ணில் சாய்கோடு அடிக்கப் போய் ழ விழுவது பத்திர எழுத்தர்களின் அன்றாடத் தொல்லை. எண்கள் நிறைந்த சொத்து விவரத்தை ஆங்கிலத்துக்குத் தாவி அடித்துவிட்டுத் திரும்புவது சுலபம்.

பழைய கோப்புகள்

விசைப்பலகை வேறு, எழுத்துரு வேறு. கடைகளில் இந்த இரண்டும் ஒன்றாகவே புழங்குவதால் குழப்பம். எல்லாக் கணினிக்கும் பொதுவான எழுத்துக் குறியீடான யூனிகோடில் அடிக்கத் தமிழ் 99-தான் வேண்டும் என்பதில்லை, தட்டச்சு அமைப்பிலேயே யூனிகோடு அடிக்கவும் மென்பொருள் உண்டு. ஆனால் பக்க வடிவமைப்பு மென்பொருளான பேஜ்மேக்கரில் பாமினி எழுத்துருவில் பத்து வருட அழைப்பிதழ்களைச் சேர்த்து வைத்திருப்பவருக்கு மாற்றம் இரட்டிப்பு வேலை. 2001-இல் வந்த 7.0-தான் பேஜ்மேக்கரின் கடைசிப் பதிப்பு, அதற்கு யூனிகோடு தமிழ் தெரியாது. ஆகவே புதிய வேலையை இன்டிசைனுக்கு எடுத்துப் போக வேண்டும். அங்கே பத்தி அமைப்பில் வேர்ல்டு-ரெடி கம்போசரைத் தேர்ந்தெடுக்க மறந்தால் கொம்பு எழுத்துக்குப் பின்னால் போய் நிற்கும். அடித்தவர் தன் கையைச் சந்தேகிப்பார். பழைய கோப்பில் பெயரும் தேதியும் மட்டும் மாற்ற வேண்டியிருந்தால் அதைப் பாமினியிலேயே முடித்துக் கொடுத்துவிடலாம். அதற்காக உட்கார்ந்து முழுக் கோப்பையும் மாற்றுவது வீண்.

ஓசூர்ப் பக்கம்

கடைசியாக, இதுவரை சொன்னதற்கு எதிராக ஒன்று. ஓசூர், தேன்கனிக்கோட்டைப் பக்கம் ஒரே கடையில் தமிழ், தெலுங்கு, கன்னடம் மூன்றிலும் அடித்துத் தர வேண்டியிருக்கும். அப்படிப்பட்டவருக்குத் தமிழ் 99-ஐப் பரிந்துரைக்க மாட்டேன். மேலே பொறி என்று சொன்ன இன்ஸ்கிரிப்ட்தான் அவருக்கு நல்லது. இந்திய மொழிகளுக்குப் பொதுவாகச் செய்யப்பட்ட அமைப்பு அது. தமிழில் க எந்த விசையோ தெலுங்கிலும் கன்னடத்திலும் அதே விசை. புள்ளி தானாக விழாது, ஒவ்வொன்றையும் அடித்தாக வேண்டும். தனி உயிருக்கு ஷிஃப்ட் வேண்டும். அம்மா என்பதற்கு ஷிஃப்டோடு அ, பிறகு ம, புள்ளி, ம, கால். தமிழ் 99-இல் இதே சொல்லுக்கு நான்கு தட்டுதான். ஆனாலும் ஒரு முறை கற்றால் மூன்று மொழிக்கு ஆகும். தருமபுரியையும் அதில் எழுத்துக்கு எழுத்து அப்படியே அடிக்கலாம், ம-வுக்கும் ப-வுக்கும் நடுவில் எதுவும் வேண்டியதில்லை.